நாலு நிமிட எஞ்சின்

(ஸ்காபரோவில் ஏரிப் படகுக்காரர்கள் கூடிய ஒரு சித்திரை மாத மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாசலில் வரும்போதே ஒரு தம்பி என்னை மறித்தார். "அண்ணை, பதினெட்டடிப் படகு. கிக்கர் எத்தினை குதிரைவலு போடலாம்? அதை மட்டும் சொல்லுங்கோ, நான் வேலைக்குப் போகவேணும்" என்றார். அவரை வேலைக்குப் போகவிடாமல் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தியிருக்கிறேன். அவருடைய கேள்விக்கு ஒரு வரியில் பதில் இருக்கிறது, சொல்லுவேன். ஆனால் அந்தப் பதிலைச் சரியாகத் தெரிந்து வைத்துக்கொண்டே ஏரியில் அநாதரவாக நின்றவன் நான். ஆகவே முதலில் அந்தக் கதை.

கிக்கர் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் பின்வரிசையில் சிலர் இருப்பீர்கள். படகின் பின்பலகையில் நடுவிலே பெரிய எஞ்சின் இருக்கும். அதற்குப் பக்கத்தில், ஒரு மூலையில், தாய்க்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைபோல ஒரு சின்ன அவுட்போட் மோட்டர் தொங்கும். பெரியது நின்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு. அதுதான் கிக்கர்.

என்னுடைய முதற்படகு பதினெட்டடி அலுமினியம், 115 குதிரைவலு எஞ்சின். பழைய படகுதான், ஆனால் வாங்கிய கையோடு பக்கத்தில் புத்தம்புதிய 9.9 ஒன்றையும் பூட்டினேன். அந்த வைகாசியில் ஒரு விடியற்காலை, வழியில் ஒரு நிலையத்தில் தாங்கியை நிரப்பிக்கொண்டு, பிளவ்ஸ் மண்முகடுகளின் அடியிலிருந்து நானும் மைத்துனரும் வெளிக்கிட்டோம். காற்று வடமேற்கு. பிளவ்ஸுக்கு அடியில் நிற்கிறவனுக்கு வடமேற்குக் காற்று இருப்பதே தெரியாது. தொண்ணூறு மீற்றர் உயரத்துக்கு முகடு மறைத்துக்கொண்டு நிற்கிறது, தண்ணீர் தாம்பாளம் மாதிரிக் கிடக்கும். வெளியே போகப் போகத்தான் அலை எழும்பும். அது கரையிலிருந்து ஏரிக்குள் தள்ளுகிற காற்று. எஞ்சின் நின்ற படகை அந்தக் காற்று கரைக்குக் கொண்டுவராது. நயாகரா பக்கமாக, ஐம்பது கிலோமீற்றர் தண்ணீருக்கு மேலாகக் கொண்டுபோகும்.

நாலு கிலோமீற்றர் போனதும் பெரிய எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. எனக்குப் பதற்றம் இல்லை. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமிதம். மைத்துனருக்கு முன்னால் கிக்கரின் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்தது. "பார்த்தியா" என்றேன். அணியத்தைக் கரைக்குத் திருப்பினேன். நாலு நிமிடம் போயிருக்கும். அதுவும் இருமியது. அதுவும் நின்றது.

அன்று நிரப்பிய பெற்றோலில் தண்ணீர். இரண்டு எஞ்சினுக்கும் ஒரே தாங்கி. கிக்கர் ஓடிய அந்த நாலு நிமிடம் ஏன் என்று பிறகு இருந்து கணக்குப் பார்த்தேன். மூன்று மீற்றர்க் குழாய்க்குள் நூற்றைம்பது மில்லிலீற்றர், கையால் அமுக்கும் றப்பர்க் குமிழுக்குள்ளும் கார்பரேற்றருக்குள்ளும் இன்னும் ஐம்பது. மொத்தம் கால் லீற்றருக்கும் குறைவு. போன கிழமை மிஞ்சிய நல்ல பெற்றோல். 9.9 எஞ்சின் அந்த வேகத்தில் மணிக்கு மூன்று லீற்றர் குடிக்கும். இருநூறு மில்லிலீற்றருக்கு நாலு நிமிடம். ஆயிரக்கணக்கில் டொலர் கொடுத்து நான் வாங்கியிருந்தது நாலு நிமிட எஞ்சின்.

நங்கூரம் போட்டோம். கனடாச் சட்டம் ஆறு மீற்றருக்கு உட்பட்ட படகில் ஒரு துடுப்போ, அல்லது குறைந்தது 15 மீற்றர் கயிறோ சங்கிலியோ கொண்ட நங்கூரமோ இருக்கவேண்டும் என்கிறது. என்னிடம் சட்டத்துக்குச் சரியாக 15 மீற்றர் இருந்தது. எங்களுக்குக் கீழே ஏரி 35 மீற்றர் ஆழம். நங்கூரம் பாதி வழியில் தூக்குச்சட்டி மாதிரித் தொங்கிக்கொண்டு எங்களோடு கூடவே வந்தது. மீன்பிடிக்க வந்த வேறொரு படகு எங்களைக் கண்டு கட்டி இழுத்துவந்தது. அந்த மனிதர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மைத்துனர் இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த நாளுக்குப் பிறகு, யார் கிக்கர் வாங்கப் போனாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். பெரிய எஞ்சினோடு இது எதையெல்லாம் பங்குபோடுகிறது? பெற்றோலா, பற்றறியா, சுக்கானா? பங்குபோடும் ஒவ்வொன்றும் இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தக்கூடிய வழி.

எங்கள் ஐயா பருத்தித்துறையில் வள்ளம் வைத்திருந்தவர். எஞ்சின் வந்த பிறகும் அவர் பாயைத் தூக்கி எறியவில்லை, துடுப்பையும் எறியவில்லை. அந்தக் காலத்து எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். கரைக்கு வரும்போது திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி, கார்பரேற்றருக்குள் பெற்றோல் நிற்கத்தக்கதாக நிறுத்தவேண்டும். மறந்து மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் அடுத்தநாள் விடியற்காலை கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். பாய்க்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அதற்கு வேறு தொல்லை, காற்று வேண்டும். எஞ்சின் எதனால் நிற்கிறதோ அதனால் பாய் நிற்காது. இதை அவர் எனக்கு விளக்கிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. பாய் எப்போதும் மடித்து வள்ளத்துக்குள் கிடந்தது, அவ்வளவுதான்.

சரி, பெற்றோல். இதில் கொஞ்சம் நிற்கப்போகிறேன். இங்கே பம்பில் வாங்கும் சாதாரண பெற்றோலில் பத்து வீதமளவில் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். காற்றின் ஈரத்தைக்கூட மெல்ல மெல்ல உறிஞ்சும். ஓரளவு வரைக்கும் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்திருக்கும், எஞ்சினும் ஓடிவிடும். நூறு லீற்றருக்கு அரை லீற்றர் என்ற அளவைத் தாண்டினால் திடீரென்று பிரியும். தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தாங்கியின் அடியில் போய்ப் படியும். எஞ்சினுக்குப் போகும் குழாய் எங்கே நிற்கிறது? அதே அடியில். ஆகவே எஞ்சின் முதலில் குடிப்பது அந்தக் கழிவைத்தான். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்று பூட்டுவது நல்லது, எல்லாரும் பூட்டுங்கள். ஆனால் வடிகட்டியின் கிண்ணம் சிறியது, அது நிரம்பினால் அதற்கு அப்பால் அதனால் ஒன்றும் செய்யமுடியாது.

கிக்கருக்குத் தனித் தாங்கி கொடுங்கள். 12 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி போதும். 9.9 முழு வேகத்தில் மணிக்கு நாலு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும் என்று வைத்தால் மூன்று மணித்தியாலம். மணிக்கு பத்துக் கிலோமீற்றர் வந்தாலும் முப்பது கிலோமீற்றர். நம்மில் எத்தனை பேர் கரையிலிருந்து முப்பது கிலோமீற்றர் போகிறோம்? அந்தத் தாங்கியை வேறொரு நாளில், முடிந்தால் வேறொரு நிலையத்தில் நிரப்புங்கள். எத்தனால் கலக்காத பெற்றோல் கிடைக்குமிடம் தெரிந்தால் அதையே வாங்குங்கள், பன்னிரண்டு லீற்றருக்கு விலை வித்தியாசம் ஒரு கோப்பிக் காசு. மாதம் ஒருமுறை மிச்சத்தைக் காருக்குள் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். இதைச் செய்கிறவர்கள் இந்த மண்டபத்தில் கையை உயர்த்துங்கள் பார்ப்போம்... மூன்று பேர். நன்றி.

நாலு, ஐந்து, ஆறு குதிரைவலு எஞ்சின்களில் தலைக்குள்ளேயே ஒரு சின்னத் தாங்கி இருக்கும். ஒரு லீற்றர் சொச்சம். துறைமுக வாசலுக்குள் நின்றுபோனால் அதுவே காணும்.

அடுத்தது கிளப்புவது. படகில் எஞ்சின் கிளம்பாததற்குப் பற்றறி செத்துப்போவது மிகச் சாதாரணமான காரணம். வானொலி, மீன் காட்டும் திரை, பாட்டு, பிள்ளைகளின் போன் எல்லாம் அதிலிருந்துதான் குடிக்கின்றன. அதே பற்றறியில் பட்டனை அழுத்திக் கிளப்பும் கிக்கரை வாங்கி வைத்துவிட்டு மாற்று எஞ்சின் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. பட்டன் இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, என் தோளுக்கும் வயதாகிறது. ஆனால் கயிறும் இருக்கவேண்டும். இருந்தால் மட்டும் போதாது. கடைக்காரர் எஞ்சினை நிலத்தில் ஒரு மரச்சட்டத்தில் பூட்டி வைத்து இழுத்துக் காட்டுவார், அழகாகக் கிளம்பும். உங்கள் படகில் அது பின்பலகைக்கு வெளியே, மூலையில், உங்கள் முழங்கால் உயரத்துக்குக் கீழே தொங்கப்போகிறது. குனிந்துகொண்டு, பக்கவாட்டில், படகு ஆடும்போது இழுக்கவேண்டும். முழங்கை பின்னாலுள்ள இருக்கையில் இடிக்கும். இதை வாங்குமுன் ஒருமுறை நடித்துப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தி. கார்பரேற்றர் உள்ள சிறிய எஞ்சின், மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளே பெற்றோல் பிசினாகி ஊசித்துளை அடைத்துவிடும். கிக்கர்கள் கிளம்பாமல் போவதற்கு இதுதான் முதற்காரணம் என்பது என் அனுபவம். பெற்றோலை அளந்து பீய்ச்சும் எஞ்சின்களில் இந்தத் தொல்லை குறைவு. முன்பு அவற்றுக்குப் பற்றறி தேவைப்பட்டது. சுசுகி 2012 இல் பற்றறி இல்லாமலே, கயிற்றை இழுக்கும்போது பிறக்கும் மின்சாரத்திலேயே பீய்ச்சும் 15, 20 குதிரைவலு எஞ்சின்களைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் செய்கிறார்கள். மாற்று எஞ்சினுக்கென்றே பிறந்த வசதி அது. விலை கூடத்தான், கொடுக்கலாம்.

இனி, தம்பி, உங்களுடைய கேள்வி. எத்தனை குதிரைவலு?

115 குதிரைவலு படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வழுக்கிக்கொண்டு போகவைக்கிறது. கிக்கரால் அது முடியாது, முடியவும் தேவையில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு, அதை நிர்ணயிப்பது எஞ்சினைவிடப் படகின் நீளம்தான். தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் எத்தனை நொட் என்று வரும். உங்கள் பதினெட்டடிப் படகில் தண்ணீரைத் தொடுவது பதினாறடி என்று வைப்போம். வர்க்கமூலம் நாலு. ஐந்தே கால் நொட்டுக்குக் கொஞ்சம் மேல், மணிக்குச் சுமார் பத்துக் கிலோமீற்றர். அதற்கு மேலே போக முயன்றால் படகு தானே எழுப்பிய அலையில் பின்பக்கம் குந்திக்கொண்டு ஏறப் பார்க்கும். அமைதியான தண்ணீரில் அந்தப் பத்துக் கிலோமீற்றரை ஆறு குதிரைவலுவே ஏறக்குறையத் தந்துவிடும். பத்துப் போட்டாலும் வேகம் அவ்வளவு கூடாது.

அப்படியென்றால் ஆறு போதுமா என்று கேட்பீர்கள். தண்ணீர் அமைதியாக இருந்தால் போதும். ஆனால் பெரிய எஞ்சின் நிற்பதற்கு நல்ல நாள் பார்ப்பதில்லை. காற்றின் தள்ளுவிசை அதன் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். பத்து நொட் காற்று இருபது நொட் ஆனால் தள்ளுவது இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. உயரமான கண்ணாடியும் கூரையும் உள்ள படகு காற்றுக்கு ஒரு சுவர். அன்று என்னை நயாகரா பக்கம் தள்ளிய காற்றை எதிர்த்து வர ஆறு காணாது என்றே நினைக்கிறேன். ஆகவே பதில்: பதினாறடி திறந்த படகென்றால் ஆறு, பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரைக்கும் 9.9, கூரையுள்ள பாரமான படகென்றால் 15 பற்றி யோசிக்கலாம். தம்பி, இப்போது வேலைக்குப் போகலாம். போகவில்லையா? சரி, இருங்கள்.

அந்த 9.9 என்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏன் பத்து என்று வைக்கவில்லை? அது சட்டத்தரணியின் எண், எஞ்சினியரின் எண் அல்ல. பல நாடுகளில் பல ஏரிகளில் பத்துக் குதிரைவலு என்று ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். கனடாவிலும் பத்தும் அதற்கு மேலும் உள்ள உல்லாசப் படகுக்கு உரிமம் எடுக்கவேண்டும் என்பது நெடுநாள் விதி, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை பெரியவர் துணையில்லாமல் ஓட்டக்கூடியதும் பத்து வரைக்கும்தான். கோட்டுக்கு ஒரு நூல் இப்பால் நிற்கிறது 9.9. உங்கள் படகில் ஏற்கெனவே 115 இருப்பதால் அந்தக் கோட்டால் உங்களுக்கு லாபம் ஒன்றுமில்லை. (படகோட்டும் அட்டை வேறு விடயம். 2009 இலிருந்து எந்தச் சின்ன மோட்டருக்கும் அது வேண்டும். சும்மா சொல்லிவைக்கிறேன்.)

குதிரைவலுவைப் பார்க்கிறவர்கள் பாரத்தைப் பார்ப்பதில்லை. பட்டியலில் சிலிண்டரின் கொள்ளளவு எத்தனை சீசீ என்று பாருங்கள், நிறைய விளங்கும். டோஹாட்சுவின் 4, 5, 6 மூன்றும் ஒரே 123 சீசீ எஞ்சின், ஒரே இருபத்தாறு, இருபத்தேழு கிலோ. பிறகு எதற்கு நாலை வாங்குவது? அதே கம்பனியின் 9.8 எஞ்சின் 209 சீசீ, முப்பத்தேழு கிலோ அளவில். மேர்க்கூரியின் சிறிய எஞ்சின்கள் பலவற்றை ஜப்பானில் டோஹாட்சுவே செய்துகொடுக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும், நிறம் வேறு, விலை வேறு. சுசுகியின் 9.9 மறுபக்கம். அது 20 குதிரைவலு எஞ்சினின் அதே 327 சீசீ உடம்பு, 44 கிலோ அளவில். பாரம் கூட, ஆனால் அவசரப்படாமல் இழுக்கும். யமஹாவின் சாதாரண 9.9 நாற்பது கிலோ, இழுவைக்கென்று செய்த அதன் அண்ணன் பட்டனும் தூக்கும் மோட்டரும் சேர ஐம்பதை நெருங்கும்.

ஐம்பது கிலோ என்றால் படகின் பின்மூலையில் ஒரு ஆள் எந்நேரமும் குந்திக்கொண்டிருப்பது. படகு அந்தப் பக்கம் சரியும். பின்பக்கம் தாழும். சில படகுகளில் தளத்துத் தண்ணீர் வெளியேறப் பின்னால் துளை வைத்திருப்பார்கள், பின்பக்கம் தாழ்ந்தால் அதே துளையால் ஏரி உள்ளே வரும். படகில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகட்டை ஒருமுறை வாசியுங்கள். கிக்கரின் பாரத்தையும் அதற்குள் கணக்கிடவேண்டும், ஒரு ஆளைக் குறைத்தென்றாலும். பற்றறியைக் கிக்கருக்கு எதிர்மூலைக்கு மாற்றினால் பாதிச் சரிவு போய்விடும்.

இப்போது கால். எஞ்சினின் கால் நீளம். என்னைக் கேட்டால் குதிரைவலுவைவிட இதில்தான் கூடப் பேர் பிழைவிடுகிறார்கள். அவுட்போட் மோட்டர்கள் 15, 20, 25 அங்குலக் கால்களில் வருகின்றன. விசிறிக்கு மேலே கிடையாக ஒரு தகடு இருக்கும், அது படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஒரு அங்குலம் கீழாகவோ நிற்கவேண்டும். பெரிய எஞ்சினுக்கு 20 அங்குலம் சரியாக இருக்கிறது, ஆகவே கிக்கருக்கும் 20 என்று வாங்குவார்கள். ஆனால் கிக்கர் பெரும்பாலும் பின்பலகையில் நேராக உட்காராது. இடமில்லாததால் ஒரு பிராக்கெற்றில், நாலைந்து அங்குலம் மேலே, ஒரு அடி பின்னுக்குத் தள்ளி நிற்கும். கீழே பூட்டிப் பார்த்தால் குளத்தில் எல்லாம் சரி. அலையில் அணியம் தாழும்போது பின்பக்கம் எழும்பும், விசிறி காற்றை அள்ளி அலறும், படகு நகராது. அந்த அலறலைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அதுவும் மூலையில் இருப்பதால், படகு மறுபக்கம் சாயும் ஒவ்வொரு தடவையும் எழும்பும். ஆகவே பிராக்கெற்றைக் கீழிறக்கிய நிலையில் வைத்து அளந்து, சந்தேகமென்றால் நீளக் காலையே எடுங்கள். தூக்கி நிறுத்தும்போது இடிக்கிறதா, பெரிய எஞ்சின் முழுதாகத் திரும்பும்போது கிக்கரைத் தட்டுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். பிராக்கெற்றை நம்பி மாத்திரம் நெடுஞ்சாலையில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், 401 இன் குழிகளுக்குள் அது ஆடுகிற ஆட்டத்தில் திருகாணி கழலும். வாரால் இறுக்கிக் கட்டுங்கள்.

விசிறியைச் சுருக்கமாக முடிக்கிறேன். சிறிய எஞ்சினோடு வரும் விசிறி இலேசான தோணியை ஓட்டுவதற்கு. முக்கால் தொன் படகைத் தள்ள, விட்டம் கூடிய, முறுக்குக் குறைந்த விசிறி வேண்டும். மலையேறக் காரின் முதற்கியர் மாதிரி. இழுவை எஞ்சின் என்று விற்பவற்றில் பல்லுச்சக்கர விகிதமும் அதற்கேற்ப இருக்கும். யமஹாவின் சாதாரண 9.9 இல் 2.08, இழுவை வகையில் 2.92. நூறு டொலர் அளவில் விசிறியை மட்டும் மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பீர்கள். எண்ணெய் கலந்து ஊற்றுவது. எனக்கு அவற்றில் ஒரு பாசம் உண்டு. ஓலே எவின்ரூட் என்ற நோர்வேக்காரர் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் 1909 இல் அவுட்போட் மோட்டரை விற்கத் தொடங்கினார். காதலிக்கு ஐஸ்கிறீம் வாங்கத் துடுப்பு வலித்துப் போய், திரும்பி வருவதற்குள் அது உருகிப்போனதால்தான் அந்த யோசனை வந்தது என்று கதை. மில்வோக்கி வெயிலில் உருகியிருக்கும், நம்புகிறேன். அந்தப் பெயர் கடைசியில் கியூபெக்கிலுள்ள பி.ஆர்.பி. கைக்கு வந்து, 2020 மே மாதம் உற்பத்தியே நின்றுபோனது. நல்லபடி வைத்திருந்த பழைய 9.9 டூ ஸ்ட்ரோக் எஞ்சின் முப்பத்துநாலு கிலோ அளவில்தான் இருக்கும், இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைவிடத் தூக்கச் சுகம். மலிவும்கூட. ஆனால் மாற்று எஞ்சினுக்கே உதிரிப்பாகம் தேடி அலையப்போகிறீர்களா என்று யோசியுங்கள்.

மின்மோட்டர் இன்னும் வரவில்லை என்பேன். அணியத்தில் பூட்டும் மின்மோட்டர் மீன்பிடிக்க அருமை, காற்றில் நாலு கிலோமீற்றர் வர அல்ல. ஒரு கிலோவாட் மோட்டரும் அதனோடு வரும் பற்றறியும் முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் தாங்கும். பாய்ப்படகுக்கு, உள்ளூர்க் குளத்துக்குச் சரி. ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் வேறு பதில் சொல்லவேண்டி வரலாம்.

சுக்கான் விடயத்தில் ஒரு சின்ன உத்தி. கிக்கரை ஒரு தண்டால் பெரிய எஞ்சினோடு இணைத்து, முன்னாலிருந்து ஒரே வளையத்தால் திருப்புவார்கள். வசதி. ஆனால் திரவத்தால் இயங்கும் சுக்கானில் எண்ணெய் ஒழுகினால் இரண்டும் போச்சு. தண்டைக் கருவியில்லாமல் கழற்றக்கூடியதாக வையுங்கள், கிக்கருக்குக் கைப்பிடி இருக்கட்டும். மறுவழியும் உண்டு: கிக்கரை நேராகப் பூட்டிவிட்டு, நின்றுபோன பெரிய எஞ்சினின் காலைத் தண்ணீருக்குள் விட்டு, அதையே சுக்கானாக வைத்துத் திருப்பலாம். கொஞ்சம் இழுவை கூடும். ஆனால் மூலையில் நிற்கும் எஞ்சின் படகை ஒரு பக்கமாகத் தள்ளுவதை அது அடக்கும்.

எல்லாருக்கும் கிக்கர் வேண்டுமா? இல்லை. துறைமுகச் சுவரைத் தாண்டாதவர், ஆட்கள் நடமாடும் சின்ன ஏரியில் ஓட்டுபவர் அந்தக் காசுக்கு ஒரு நல்ல வானொலி, அறுபது எழுபது மீற்றர் நங்கூரக் கயிறு, இரண்டு நல்ல துடுப்பு வாங்கலாம். போன் ஏரிக்குள் கொஞ்சத் தூரத்தில் கைவிட்டுவிடும். வானொலியில் 16 ஆவது அலைவரிசை கைவிடாது. கிக்கர் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். வைகாசியில் இந்தத் தண்ணீர் ஐந்தாறு பாகைதான் இருக்கும், விழுந்தவனுக்கு மூச்சுத் திணறுவது முதல் நிமிடத்திலேயே.

கிக்கரைக் கெடாமல் வைத்திருக்க நான் கண்ட ஒரே வழி அதை ஓட்டுவது. சினூக் சல்மனுக்குத் தூண்டில் இழுப்பவர்களின் கிக்கர்கள் கெடுவது அருமை. மணிக்கு இரண்டு மூன்று மைல் வேகத்தில் நாள் முழுக்க மெல்லப் போகிறார்கள், அவர்களில் பலருக்குப் பெரிய எஞ்சினைவிடக் கிக்கர்தான் கூட மணித்தியாலம் ஓடுகிறது. இந்த மீன் இந்த ஏரிக்குரியதே அல்ல, பசிபிக்கிலிருந்து 1960களின் கடைசியில் கொண்டுவந்து விட்டது. வந்த மீன் எங்கள் கிக்கர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மீன்பிடிக்காதவர்கள் போகும் ஒவ்வொரு தடவையும் துறைமுக வாசல்வரை கிக்கரில் போங்கள். பத்து நிமிடம். தண்ணீர் ஊசிக்கோடாக வெளியே பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பீய்ச்சாவிட்டால் உள்ளே நீர் இறைக்கும் றப்பர்ச் சக்கரம் போயிருக்கலாம். அது ஓடாமல் கிடந்தாலும் காய்ந்து வளைந்துபோகும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. போன வருடம் ஆனியில் வீட்டுக்காரியோடு போயிருந்தேன். துறைமுகத்துக்கு வெளியே, காற்றில்லாத நாள். பெரிய எஞ்சினை நிறுத்தினேன். "எனக்கு நெஞ்சுவலி வந்திட்டுது எண்டு வை. இப்ப நீதான் கரைக்குக் கொண்டுபோகவேணும்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னுக்குப் போனார். தனித் தாங்கி, புதுப் பெற்றோல், சரியான கால், நல்ல விசிறி, கயிறு எல்லாம் இருந்தது. குமிழை அமுக்கினார், சோக்கை இழுத்தார், கயிற்றை இழுத்தார். பிடிக்கவில்லை. பத்துத் தரம் இழுத்தார். நான் எழும்பிப் போகப் பார்த்தேன், "உங்களுக்கு நெஞ்சுவலி, இருங்கோ" என்றார். பிறகு குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இஞ்சேருங்கோ, இதிலை சிவப்பாய் ஒரு கிளிப் இருந்ததெல்லோ, அது எங்கை?"

அவசரத்துக்கு எஞ்சினை நிறுத்தும் கயிற்றுக் கிளிப். அது பூட்டாமல் எஞ்சின் கிளம்பாது. என்னுடைய மற்ற ஜக்கெற்றின் பைக்குள், வீட்டில், அலுமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது ஒரு கிளிப் கிக்கரிலேயே கட்டிக் கிடக்கிறது. இரண்டாவது அவருடைய கைப்பையில். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.